செயலாளர் ஆண்டறிக்கை: முட்டை தூவும் மீன்களோடு ஓர் ஆண்டு

தலைவர், பொருளாளர், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கப்பி, மோலி போன்ற குட்டி போடும் மீன்களில் நம்மில் பலருக்கும் கை பழகிவிட்டது. அதனால் இந்த ஆண்டு முட்டையைத் தூவிவிட்டுப் போகும் மீன்களை வீட்டில் பெருக்கிப் பார்ப்போம் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். டேனியோ, பார்ப், டெட்ரா வகைகள் கூடு கட்டுவதில்லை, காவலும் இருப்பதில்லை. முட்டையிட்ட சூட்டிலேயே திரும்பி வந்து அதையே தின்னத் தொடங்கிவிடும். ஆகவே முட்டையைப் பெற்றோரிடமிருந்து காப்பாற்றுவதுதான் முதல் வேலை.

பெரும்பாலோர் ஜீப்ரா டேனியோவில் தொடங்கினார்கள். நல்ல தேர்வு. ஆணையும் பெண்ணையும் ஒரு வாரம் பிரித்து வைத்து, உயிருள்ள தீவனம் கொடுத்து, ஒரு மாலை ஒன்றாக விட்டால் மறுநாள் வெளிச்சம் வந்ததுமே முட்டையிடும். அதன் முட்டை ஒட்டாது, நேராக அடியில் போய் விழும். தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பினாலோ சற்று மேலே வலை கட்டினாலோ போதும், மீனின் வாய் எட்டாது. பார்ப் முட்டைகள் ஒட்டும் தன்மையுள்ளவை என்பதால் ஜாவா மாஸ் என்ற நீர்த்தாவரம் அல்லது நைலான் நூல் கொத்து தேவைப்பட்டது. எந்த வகையானாலும் முட்டையிட்டு முடிந்ததும் பெரிய மீன்களை எடுத்துவிட வேண்டும்.

நியான் டெட்ரா சிலருக்கே கைகூடியது. அமேசான் படுகையின் மென்மையான, அமிலத் தன்மையுள்ள நீரில் வாழும் மீன் அது. கடின நீரில் அதன் முட்டைகள் பெரும்பாலும் கருவுறாமல் வெளுத்துவிடும். வெளிச்சமும் ஆகாது. தொட்டியைச் சுற்றிக் கறுப்புத் தாள் ஒட்டியவர்களுக்குப் பலன் கிடைத்தது. வெளுத்த முட்டைகளில் பூஞ்சை பிடித்து நல்ல முட்டைகளுக்கும் பரவும். மெத்திலீன் நீலம் என்ற சாய மருந்து அதைத் தடுக்க உதவும், ஆனாலும் டிராப்பரால் வெளுத்ததை அவ்வப்போது எடுத்துவிடுவதே மேல் என்பது என் கருத்து.

மாதக் கூட்டம் ஒன்றுக்கு ஓர் உறுப்பினர் நுண்ணோக்கி கொண்டுவந்திருந்தார். முட்டையிட்டு ஒரு நாளே கடந்திருந்த டேனியோவின் இதயம் கண்ணாடி போன்ற ஓட்டுக்குள் துடிப்பதைப் பார்த்தோம். அன்று கூட்டத்தின் மற்ற அலுவல்கள் எல்லாம் தள்ளிப்போயின. அதில் எனக்கு வருத்தமே இல்லை.

இனி முக்கியமான செய்தி. டேனியோ, பார்ப் முட்டை கிடைப்பதில் யாருக்கும் பெரிய சிரமம் இல்லை. குஞ்சுகள் இறந்தது அதற்குப் பிறகுதான். 28 டிகிரி வெப்பத்தில் டேனியோ முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிகிறது. பொரித்த குஞ்சு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வயிற்றோடு ஒட்டிய மஞ்சள்கருப் பையில் உள்ளதை வைத்தே காலம் தள்ளும். ஐந்தாம் நாள் வாக்கில் அது நீந்தத் தொடங்கும்போது வாய்க்குள் போகிற அளவுக்குச் சிறிய உணவு தயாராக இருக்க வேண்டும். ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறாலின் குஞ்சுகூட அந்த வாய்க்குப் பெரிது. இன்ஃபுசோரியா எனப்படும் நீர் நுண்ணுயிர்கள் வேண்டும். முட்டையைப் பார்த்த பிறகு அவற்றை வளர்க்கக் காய்ந்த இலையை ஊறப்போட்டால் நேரம் பத்தாது. நீர் முதலில் கலங்கி நாறும், சில நாள் கழித்துத் தெளியும்போதுதான் அதில் நுண்ணுயிர்கள் பெருகியிருக்கும். பல வீடுகளில் குஞ்சுகள் பட்டினியால் ஒரே இரவில் அழிந்தது இதனால்தான். வினிகர் புழு என்ற நுண்புழுவை வளர்த்தவர்கள் தப்பித்தார்கள். நன்னீரிலும் அது வெகுநேரம் உயிரோடு நீந்தும், வளர்க்கவும் எளிது.

ஆகவே செயற்குழு ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறது: தீவனம் தயாராகாமல் யாரும் ஜோடி சேர்க்க வேண்டாம். பாரமீசியம் என்ற இன்ஃபுசோரியா வகையும் வினிகர் புழுவும் சில உறுப்பினர் வீடுகளில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கட்டும். கேட்பவருக்கு ஒரு பாட்டில் கொடுத்து உதவலாம்.

அப்புறம் இரண்டு சிறு வேண்டுகோள்கள். உடன்பிறந்த மீன்களையே தலைமுறை தலைமுறையாக இணைக்காமல் நமக்குள் மீன்களை மாற்றிக்கொள்வோம். மிஞ்சும் குஞ்சுகளைக் குளத்திலோ ஆற்றிலோ யாரும் விடக் கூடாது. வளர்க்க ஆள் கிடைக்கும்வரை சங்கமே பொறுப்பேற்கும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கூட்டங்களுக்குத் தம் வீட்டைத் திறந்துவிட்ட குடும்பத்தினருக்கு நன்றி. இந்த அறிக்கையையும் தீவனத் தீர்மானத்தையும் ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்