சிட்டுக்கு உன் விசில் வேணும் மாப்ள

மாப்ள,

நல்லா இருக்கியாடா, தங்கச்சிக்கு மூட்டுவலின்னு சொன்னியே இப்ப பரவால்லையா. உன் மெயிலுக்கு ரெண்டு மாசம் கழிச்சு பதில் போடுறேன், திட்டாத. உனக்கு அங்க கத்திரி வெயில் மண்டைய பொளக்கும், எனக்கு இங்க தென்னாப்பிரிக்கால மாரிட்ஸ்பர்க்ல காலைல எந்திரிச்சா கைகால் வெறச்சுப்போவுது, அதுவும் ஹோவிக் தாண்டி மேல போனா கார் கண்ணாடில உறைபனிய சொரண்டிட்டுதான் வண்டிய எடுக்கணும். பதினாலு வருசமாச்சு, மே மாசம்னா குளிருன்னு உடம்பு ஒத்துக்கிட்டாலும் மனசு ஒத்துக்க மாட்டேங்குது.

என் நாய்க்குட்டி சிட்டு போட்டோ அனுப்பினதுக்கு நீ ஒரு கட்டைவிரல மட்டும் போட்டுட்டு விட்டுட்ட. எனக்கு தெரியும்டா. உன் நாய் மின்னல் செத்துப்போனதுக்கப்புறம் நாய்ப்பேச்சே எடுக்க மாட்டேங்கிறன்னு தங்கச்சி சொன்னா. சரி, இத படிக்க வேணாம்னு தோணுச்சுன்னா இங்கயே நிறுத்திக்கோ. ஆனா நீ நிறுத்த மாட்ட.

இது எப்படி வந்துச்சுன்னா, நாட்டிங்ஹாம் ரோடுன்னு ஒரு ஊரு, அது பக்கம் ஒரு பால் பண்ணை, புல்லுக்கு தண்ணி தெளிக்கிற பிவட் பம்ப் ரிப்பேருக்கு போயிருந்தேன். அந்த பண்ணைக்காரர் ஜெர்மன் பாயிண்டர் வளக்குறவரு, ஷார்ட்ஹேர்னு சொல்லுவாங்க, காபிப்பொடி கலர்ல வெள்ளை புள்ளி தெளிச்ச மாதிரி இருக்கும். எட்டு குட்டில ஏழு போயிடுச்சு, ஒன்னு மட்டும் மிச்சம். நான் குனிஞ்சு போல்ட்ட கழட்டிட்டு இருக்கேன், இது வந்து என் ஸ்பேனர் பைக்குள்ள ஏறி படுத்துக்கிச்சு. எட்டு வாரக் குட்டி. வாலு முழுசா இருந்துச்சு, இங்க அழகுக்குன்னு வால் வெட்டுறத இப்ப டாக்டருங்க செய்யுறதில்ல. சிட்டுன்னு பேர் வச்சேன், பறவை தேடுற நாய்க்கு குருவி பேராடான்னு நீ சிரிப்ப, சிரிச்சுக்கோ.

நான் துப்பாக்கி தொட்டவன் இல்லன்னு உனக்கு தெரியும், லைசென்ஸும் இல்ல, ஆசையும் இல்ல. ஆனா அவரு ஒன்னு சொன்னாரு, இத வீட்டுக்குள்ள வச்சு பிஸ்கட் போட்டு வளத்தீங்கன்னா உங்க சோபாவ தின்னுடும், வாரத்துக்கு ஒருநாளாவது இங்க கொண்டாந்து புல்லுல விடுங்கன்னாரு. அப்படித்தான் என் ஞாயித்துக்கிழமை போச்சு.

முதல்ல நான் பண்ணதெல்லாம் தப்பு மாப்ள. யூட்யூப பாத்துட்டு உக்காரு, நில்லு, வான்னு ஒரு பி.டி. மாஸ்டர் மாதிரி நின்னேன், அது என் ஷூ லேச கடிச்சுட்டு இருந்துச்சு. பண்ணைக்காரர் பாத்துட்டு கயிற கழட்டச் சொன்னாரு. ரெண்டு ஊசிதான் போட்டிருக்கு, பார்வோ நோய் தொத்திக்குமோன்னு பயம் இருக்கேன்னேன், ஊருக்குள்ள பார்க்ல நாலு நாய் வர்ற எடத்துக்கு கொண்டு போகாதீங்க, இந்த மேய்ச்சக்காட்டுல வெளிநாய் வர்றதில்லன்னாரு. கழட்டிட்டு என்ன செய்யன்னா, ஒன்னும் செய்யாதீங்க, நடங்க, அது எதையாவது மோந்துட்டு இருக்கறப்ப போய் ஒளிஞ்சுக்கோங்கன்னாரு. அவ்ளோதான் பாடம்!

சரின்னு ஒரு தைலமரத்துக்கு பின்னாடி போய் நின்னேன். அது சாணிய மோந்துக்கிட்டே இருந்துச்சு, அப்புறம் தலைய தூக்கிச்சு. நான் இல்ல. பாக்கணுமே நீ, அந்த மூஞ்சிய. காது ரெண்டும் முன்னாடி வந்துச்சு, ஒரு கால தூக்குச்சு, வச்சுச்சு, ஊன்னு ஒரு சின்ன சத்தம், எனக்கு வயித்த பெசஞ்சுடுச்சு, போயிடலாம்னு பாத்தா அவரு தூரத்துல இருந்து கைய காட்டி நில்லுங்கிறாரு. கண்ணால தேடிப் பாத்துச்சு, கிடைக்கல. அப்புறம்தான் மூக்க தரைக்கு கொண்டு போச்சு. நான் நடந்த வழிய அப்படியே, வளைஞ்ச எடத்துல வளைஞ்சு, சின்ன ஓடைய தாண்டின எடத்துல தாண்டி, வந்து என் முழங்கால்ல முட்டி விழுந்துச்சு. மூத்திரம் வேற போயிடுச்சு சந்தோசத்துல, என் பேண்ட்டுலதான்.

நாலஞ்சு மாசம் வரைக்கும்தான் குட்டிக்கு நம்மள தொலைச்சுடுவோமோங்கிற பயம் இருக்குமாம், அதுக்கப்புறம் கால் வளந்து தைரியம் வந்துடும், அப்ப நீ கத்துனாலும் திரும்பாது, அதனால அதுக்குள்ள நூறு தடவ தொலைஞ்சு போங்கன்னாரு. தொலைஞ்சு போனேன். வேலிக்கு பின்னாடி, வைக்கோல் கட்டுக்கு பின்னாடி, ஒரு தடவ மாட்டுத் தொட்டிக்கு பின்னாடி ஒளியப் போயி முழங்கால் வரைக்கும் சேறு.

நம்ம ஊரு கன்னியும் சிப்பிப்பாறையும் வேற ஜாதி பாத்துக்கோ. அதுக்கு கண்ணுதான், கரிசக்காட்டுல முயல் கண்ணுல பட்டா போதும், மோப்பமெல்லாம் அப்புறம். முடிவு ஓட்டத்துல. இது காத்த எதிர்கொண்டு குறுக்கும் நெடுக்குமா ஓடும், வாசம் பட்டா சடக்குன்னு நின்னுடும், ஓடுறது தப்பு, நிக்கிறதுதான் வேலை. சின்ன வயசுல உங்கப்பாவோட வேட்டைக்கு போனப்ப நாய விட்டுட்டு நாம பின்னாடி ஓடுவோமே, இங்க நாய் நிக்கும், நாம மெதுவா அதுகிட்ட போகணும். (1972 வனவிலங்கு சட்டம் வந்ததுக்கப்புறமும் உங்கப்பா போனாரேன்னு இங்க யார்கிட்டயும் சொல்லல, பயப்படாத.)

ஜனவரில ஒரு வெவகாரம் ஆச்சு, அது என் தப்புதான். ஞாயித்துக்கிழமை நல்லா ஓடிட்டு வந்துச்சு, செவ்வாக்கிழமை சாப்பாட்ட மோந்துட்டு போயி படுத்துக்கிச்சு. வெயில்ல அலைஞ்ச அசதின்னு விட்டுட்டேன். புதன்கிழமை காலைல மூத்திரம் கட்டஞ்சாயா கலர்ல போச்சு. பக்கத்து வீட்டு அங்கிள் வந்து உதட்ட தூக்கி ஈற காட்டுனாரு, வெள்ள வெளேர்னு, சுண்ணாம்பு மாதிரி. "பிலியரி, இப்பவே வண்டிய எடு"ன்னாரு. உண்ணில இருந்து வர்ற ரத்தக் காய்ச்சல், இந்த ஊர்ல நாய் வளக்குறவனுக்கெல்லாம் பேர் தெரியும். பெபீசியான்னு ஒரு கிருமி, ரத்தத்துல செவப்பணுவ உடைச்சுடும், இங்க இருக்கற வகை ரொம்ப மோசமானது, நரிக்கு ஒன்னும் பண்ணாது, நாய்க்கு எமன். டாக்டர் காது நுனில ஒரு சொட்டு ரத்தம் எடுத்து கண்ணாடில தடவி மைக்ராஸ்கோப்ல பாத்தாரு, அஞ்சு நிமிசம்தான், ஊசி போட்டு ரெண்டு நாள் வச்சுக்கிட்டாரு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா உங்களுக்கு நாய் இல்லன்னாரு. ரேபிஸ் ஊசி இங்க சட்டப்படி கட்டாயம், அத மூணு மாசத்துல கரெக்ட்டா போட்டவன், உண்ணி மாத்திரைய தேதி மறந்தேன். இப்ப காட்டுல இருந்து வந்ததும் காதுக்குள்ள, கக்கத்துல, கால் விரல் சந்துல, ஒவ்வொன்னா தடவிப் பாத்துட்டுதான் நான் குளிக்கவே போறேன். அந்த நேரம் மல்லாந்து படுத்துக்கிட்டு ராணி மாதிரி கண்ண மூடிக்கும்.

பக்கத்து வீட்டு அங்கிள பத்தி சொல்லிருக்கேன்ல, 1860ல இருந்து கரும்புக்கு வந்தாங்களே அந்த வழி. காவடிக்கு அலகு குத்துறாரு, புரட்டாசிக்கு கறி தொடமாட்டாரு, ஆனா தமிழ்ல வாங்க, சாப்பிடு, சும்மாயிருன்னு ஒரு பத்து வார்த்தைதான் வரும், அதுவும் அவங்க ஆயா திட்டுனதுல மிஞ்சுனது. சிட்டுக்கு வான்னா தெரியும், இருன்னா தெரியும், விடுன்னா தெரியும். உன் நாய் என்னைவிட நல்லா தமிழ் படிக்குதுன்னு சொல்லி சிரிப்பாரு, எனக்கு அதுக்கு எப்படி சிரிக்கறதுன்னு தெரியாது. பண்ணைல வேலை பாக்குறவங்க ஜூலுல வோசான்னு கூப்பிட்டாலும் ஓடும், அப்ப மட்டும் எனக்கு கொஞ்சம் பொறாமை.

இப்ப முக்கியமானதுக்கு வர்றேன். ஏப்ரல்ல ஒரு நாள், இடுப்பு உயர புல்லு, பனி, நாய் வயித்துல இருந்து தண்ணி சொட்டுது. ஓடிட்டே இருந்தவ நட்டுவச்ச மாதிரி நின்னுட்டா. இடது முன்னங்கால் மடங்கி தூக்கிருக்கு, வாலு நீட்டமா, மூக்கு மட்டும் அசையுது, மூச்ச உள்ள இழுக்கறது எனக்கு கேக்குது. முன்னாடி ஒன்னுமே இல்ல, வெறும் புல்லு. நான் மெதுவா அவள தாண்டி ஒரு அடி வச்சேன், என் காலுக்கடில இருந்தே ரெண்டு கவுதாரி படார்னு எந்திரிச்சுச்சு பாரு, நெஞ்சு நின்னு வந்துச்சு. கவுதாரிடா! நம்ம ஓடைக்காட்டுல கத்துமே அந்த சாதியோட ஒன்னுவிட்ட சொந்தம். சிட்டு என்ன பண்ணா, தொரத்துனா. தொரத்தக்கூடாது, பாடத்துல அப்படித்தான். ஒரு அம்பது மீட்டர் போயிட்டு நின்னு, திரும்பி, நான் எங்கன்னு பாத்தா. அதுக்கு எட்டு மாசம் ஆகப்போவுது, பயம் போயிருக்க வேண்டிய வயசு, இருந்தும் பாத்தா.

கவுதாரி நல்லவன், பதுங்கி இருப்பான். கினிக்கோழி இருக்கே அது களவாணி, நாய் நின்னதும் புல்லுக்குள்ளயே நடந்து போயிடும், இவ வெறும் வாசத்த பாத்துட்டு நின்னுட்டு இருப்பா, பாவமா இருக்கும். துப்பாக்கி சத்தத்துக்கும் பண்ணைக்காரர் பழக்கிட்டு இருக்காரு, இவ ஓடிட்டு இருக்கறப்ப ரொம்ப தூரத்துல ஒரு வெடி, ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கிட்ட. பக்கத்துல வச்சு முதல் தடவையே வெடிச்சா அவ்ளோதான், அப்புறம் துப்பாக்கிய பாத்தாலே ஓடிடும். மின்னல் தீபாவளிக்கு கட்டிலுக்கு அடில போயி மூணு நாள் வராதே, அத நெனச்சுக்கிட்டேன்.

ஒரு உதவி வேணும். கூப்புடறதுக்கு ஏக்மி விசில் வாங்குனேன், மூணு தொலைச்சுட்டேன், புல்லுல விழுந்தா கிடைக்காது. ரெண்டு விரல வாய்ல வச்சு அடிப்பியே, கண்மாய்க்கரைல இருந்து அடிச்சா ரயில்வே கேட்டு வரைக்கும் கேக்குமே, அத எனக்கு சொல்லிக்கொடுத்து எனக்கு வந்ததே இல்ல, இப்ப முன்பல்லு ரெண்டும் கட்டுனது, சுத்தமா காத்துதான் வருது. போன பொங்கலுக்கு நீ அனுப்புன வீடியோல கடைசில மாட்ட கூப்புட அடிக்கிற பாரு, அத நான் சமையக்கட்டுல வச்சு போட்டேன். வெளிய படுத்திருந்தவ ஓடியாந்து போன மோந்தா, போனுக்கு பின்னாடி போயி பாத்தா, அப்புறம் கதவுக்கு பின்னாடி போயி பாத்தா.

வீடியோல மாடு சத்தமும் சேந்து வருது. வெறும் விசில் மட்டும் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பு, நாலஞ்சு தடவ விட்டு விட்டு. கண்மாய்க்கரைக்கு போயி அடி, வீட்டுக்குள்ள அடிச்சா தங்கச்சி வெளக்குமாத்த எடுத்துடுவா.

உன் மச்சான்