முதலில் உன் கையில் இருக்கும் கேமராவுக்கு லென்ஸ் வாங்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "என்றாவது பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்குப் போகத்தானே போகிறேன், இப்போதே அதற்கான லென்ஸாக வாங்கிவிடட்டுமா அப்பா?" என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பாட்டியின் 70ஆவது பிறந்தநாளுக்கு முன் நானும் அதே கணக்கைப் போட்டு ஒரு 24-70 மி.மீ. ஃபுல் ஃப்ரேம் ஜூம் வாங்கினேன். அருமையான லென்ஸ். ஆனால் என் கேமரா பாடியும் உன்னுடையதைப் போல 1.5 கிராப், அதாவது சென்சார் ஃபுல் ஃப்ரேமைவிட 1.5 மடங்கு சிறியது. 24ஐ அந்த 1.5ஆல் பெருக்கினால் 36, காட்சி அவ்வளவு குறுகிவிட்டது. எல்லோரும் பாட்டியைச் சுற்றி நின்றார்கள். முதுகு சுவரில் ஒட்டும்வரை பின்னால் போனேன், அப்போதும் இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டது. இடது ஓரத்தில் பாதி முகத்தோடு நிற்பது நீதான். கேமராவோடு வந்த 18-55 கையில் இருந்திருந்தால் 27க்கு எல்லோரும் அடங்கியிருப்பார்கள். இன்றும் அந்தப் படத்தைப் பார்த்தால் மனது கஷ்டப்படுகிறது.

ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36×24 மி.மீ. உன்னுடையது ஏறக்குறைய 23.5×15.6. லென்ஸ் உள்ளே வட்டமாக ஒரு பிம்பத்தை விழவைக்கிறது. அதன் நடுப்பகுதி மட்டும்தான் உன் சென்சாருக்கு. அதனால் 50 மி.மீ. எப்போதும் 50தான், பார்வைக் கோணம் மட்டும் 75 போலக் குறுகிவிடுகிறது. கேனன் கிராப் பாடியில் 1.6, அதாவது 80. கிராப்புக்கென்றே செய்த லென்ஸில் பெருக்க வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அதில் அச்சிட்டிருப்பதும் உண்மையான குவியத் தூரமே, அதையும் பெருக்கித்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே அகலமான காட்சிக்கு 10-20 மாதிரி கிராப் லென்ஸையே வாங்கு. தூரத்துக்கு மட்டும் என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன். நீ பறவைகளின் பின்னால் அலைகிறவள், உனக்கு ஃபுல் ஃப்ரேம் 70-300 நல்ல முதலீடு. உன் பாடியில் அது 450 வரை எட்டும், ஓரங்களில் வரும் மங்கலும் இருட்டும் பெரும்பாலும் சென்சாருக்கு வெளியே போய்விடும். கை நடுக்கமும் பெருகித் தெரியும் என்பதை மறக்காதே. 300இல் ஷட்டர் 1/500 நொடியைவிட மெதுவாகப் போக வேண்டாம்.

முகப்படத்துக்கு 50 மி.மீ. எஃப் 1.8 போதும் (எஃப் எண் என்பது லென்ஸ் திறப்பின் அளவு). வெளிச்சக் கணக்கு எதிலும் மாறாது. பின்னணி மங்கல் மட்டும், அதே ஃப்ரேமிங்கில், ஃபுல் ஃப்ரேமில் எஃப் 2.7 வைத்தது போல இருக்கும்.

பின்னால் பாடி மாற்றினால் என்ன ஆகும் என்ற பயமும் உனக்கு இருக்கிறது. நிக்கானில் டிஎக்ஸ் எனப்படும் கிராப் லென்ஸை ஃபுல் ஃப்ரேமில் மாட்டினால் படம் தானே கிராப் ஆகும், 24 மெகாபிக்சல் ஏறக்குறைய 10 ஆகும். கேனனின் பழைய கிராப் லென்ஸான இஎஃப்-எஸ்ஸோ அவர்களுடைய ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டவே மாட்டாது. சரி, அந்த நாள் வரும்போது விற்றுக்கொள்ளலாம். அதுவரை நீ எடுக்கப்போகும் படங்களை யோசி.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய். கேமராவோடு வந்த கிட் லென்ஸில் எடுத்த படங்களின் விவரத்தைத் திறந்து, எந்த மி.மீ.யில் அதிகம் எடுத்திருக்கிறாய் என்று எண்ணு. 18இலேயே நிற்கிறாயா, 55இல் முட்டுகிறாயா? எண்ணிவிட்டு எனக்கு எழுது, அப்புறம் சேர்ந்து முடிவு செய்வோம்.

அன்புடன்,
அப்பா