ஆய்வு மேசையைக் காலி செய்யாதீர்கள்: எங்கள் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேர்மன் அய்யாவுக்கும் இயக்குநர்களுக்கும் வணக்கமுங்க.

11 வருடமாக உங்கள் கம்பெனியின் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். விமானத்துக்குப் போகும் பிராக்கெட்டோ புஷ்ஷோ, எந்த உதிரி பாகமும் எங்கள் முத்திரை விழாமல் பேக்கிங்குக்குப் போகாது. பெயர் போடாமல் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். ஆட்குறைப்புப் பட்டியல் தயாராகிறது என்று கேட்டிலிருந்து கேண்டீன் வரை பேச்சாக இருக்கும்போது பெயர் போட எனக்குத் தைரியம் வரவில்லை. சோமனூரில் கட்டிய வீட்டுக்கு இன்னும் ஏழு வருடத் தவணை பாக்கி.

எங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஆலை தடுமாறுவது கோயமுத்தூர்ப் பக்கத்து ஆளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் அப்பா வேலை பார்த்த பஞ்சாலையில் முதலில் பஞ்சுப் பேல் வருவது குறைந்தது. மூன்று ஷிப்ட் இரண்டானது. கேண்டீனில் மதியச் சாப்பாடு நின்றது. அப்புறம்தான் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இங்கேயும் அந்த வரிசையைத்தான் பார்க்கிறோம். உலோகத்தை வெட்டும் கார்பைடு இன்சர்ட் முனைகள் நேரத்துக்கு வருவதில்லை. முனை மழுங்கிய பிறகும் "இன்னும் பத்துப் பீஸ் ஓட்டு" என்கிறார்கள். அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கும் காலிபரேஷனுக்குப் போகும் தேதி தள்ளிக்கொண்டே போகிறது. பி.எஃப். பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். எங்கள் பாஸ்புக்கில் இரண்டு மாதமாக ஒன்றும் ஏறவில்லை. கம்பெனியின் கருமத்தம்பட்டி பஸ்ஸும் நின்றுவிட்டது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்வோம். என்னை எழுத வைத்தது வேறு. போன மாதம் காண்ட்ராக்டில் இருக்கும் ஒரு பையன் டீ நேரத்தில் கூலன்ட் டேங்க் பக்கம் என்னைக் கூட்டிப்போனான். கையில் ஒரு பீஸ். துளையின் அளவு டிராயிங்கில் அனுமதித்த உச்சத்தைவிட 12 மைக்ரான் அதிகம். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது. "ஏனுங்ணா, இதச் சொன்னா எம்பேர எழுதிக்குவாங்களா?" என்று கேட்டான். அந்தப் பீஸை ரிஜெக்ட் செய்து, பூட்டு போட்ட சிவப்புப் பெட்டியில் போட்டேன். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னிடம் கேட்க வராத பையன்கள் எத்தனை பேர்?

இரண்டு வருடம் முன்பு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. தப்பு வந்தால் சொல்லு, சொன்னவனை யாரும் திட்டக் கூடாது என்று நம் பெரிய முதலாளி ஷெட்டுக்குள் வந்து நின்று சொல்லுவார். நிர்வாகம் கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ் அலுவலகத்துக்கு மாறிய பிறகு ஷெட்டுக்கு யாரும் வருவதில்லை. ஆறு மாதம் முன்பு ஆய்வுப் பிரிவை உற்பத்தி மேலாளருக்குக் கீழே கொண்டுவந்தீர்கள். மாதக் கடைசியில் எண்ணிக்கை காட்ட வேண்டியவரே, எது தேறும், எது தேறாது என்று தீர்மானிக்கிறார். இப்போது ஆய்வாளர்கள் ஒன்பது பேரில் நாலு பேரைக் குறைக்கப் போவதாகக் கேள்வி.

அய்யா, அமெரிக்க விமானக் கம்பெனி போயிங்கின் கதை நம் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். 1997-ல் மெக்டானல் டக்ளஸ் என்ற இன்னொரு விமானக் கம்பெனியோடு இணைந்தார்கள். 2001-ல் தலைமை அலுவலகம் சியாட்டில் ஆலைகளை விட்டு சிகாகோவுக்குப் போனது. 2013 முதல் 2019 வரை தங்கள் பங்குகளைத் தாங்களே திரும்ப வாங்க 4,000 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார்கள். 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் அவர்களுடைய இரண்டு 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்தார்கள். அதே 2019-ல்தான் தர ஆய்வாளர் பணியிடங்களில் 900 வரை குறைக்கும் திட்டம் செய்தியானது. 2024 ஜனவரி 5-ஆம் தேதி அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் விமானத்தில், பயன்படுத்தாத கதவு வாயிலை அடைக்கும் பலகை நடுவானில் பிய்ந்து போனது. நாலு போல்ட்டுகள் மாட்டப்படவே இல்லை. ரிவெட் வேலைக்காக ஆலையில் அந்தப் பலகையைத் திறந்திருக்கிறார்கள். திறந்ததற்கு ஒரு பதிவும் கிடைக்கவில்லை. அந்த வருடம் அக்டோபரில் சுமார் 17,000 பேருக்கு வேலை போகும் என்று அறிவித்தார்கள். பலகை பறந்த செய்தியைப் படித்தபோது எனக்கு ஒவ்வொரு வேலையும் முடிந்ததைக் குறிக்கும் நம் ஜாப் கார்டு ஞாபகம்தான் வந்தது. ஒரு கட்டம் காலியாக இருந்தால் பீஸை நகர விடாதே என்று பழைய ஆய்வாளர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதற்காகத்தான்.

ஆர்டர் குறைந்துவிட்டது என்பீர்கள். குறைந்தது எங்கள் கையால் இல்லை. கையெழுத்தாகாத ஆர்டரை நம்பி ஐந்து ஆக்ஸிஸில் உலோகம் வெட்டும் மெஷின் இரண்டைக் கடனில் இறக்கியது நீங்கள். ஒரே வெளிநாட்டு வாடிக்கையாளரை நம்பி மற்ற வேலைகளை விட்டதும் நீங்கள்தான். நம் ஊர்ப் பட்டறைக்காரர் பம்ப் வேலை படுத்தால் டெக்ஸ்டைல் ஸ்பேர் ஓட்டுவார், அதுவும் இல்லையென்றால் கிரைண்டருக்கு ஷாஃப்ட் கடைவார். லேத்தைச் சும்மா விடமாட்டார். 2018-ல் சூலூர் விமானப்படைத் தளத்துக்குத் தேஜஸ் போர் விமானம் வந்துவிட்டது. ராணுவத் தளவாடத் தொழிலுக்கான தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோயமுத்தூரும் சேலமும் இருக்கின்றன. அந்த வேலைகளுக்கு நாம் எத்தனை கொட்டேஷன் கொடுத்தோம் என்று ஷெட்டில் யாருக்கும் தெரியாது. தயவுசெய்து சொல்லுங்கள்.

ஆட்களைக் குறைத்தே தீர வேண்டும் என்றால் அதற்கு முறை இருக்கிறது. ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம், கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே என்பது பழைய தொழில் தகராறுகள் சட்டத்திலும் இருந்தது, இப்போதைய சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஒவ்வொருவராக ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு ராஜினாமா எழுதித்தரக் கேட்பதை நிறுத்துங்கள். போன வாரம் அப்படி எழுதிக்கொடுத்துவிட்டு வந்த ஒருவர் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தோம். 19 வருடம் வேலை செய்தவர்.

வேலை நாளைக் குறைத்து, சம்பளக் குறைவை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளலாம் என்றால் எங்களில் பலர் சம்மதிப்பார்கள். உங்கள் சம்பளத்திலும் அந்தக் குறைப்பு வர வேண்டும். ஆய்வுப் பிரிவைத் திரும்பத் தனியாக்கி, உங்களுக்கு நேராகப் பதில் சொல்லும்படி வையுங்கள். பி.எஃப். பாக்கியை இந்த மாதமே கட்டுங்கள்.

வருகிற சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடியும் நேரத்தில் ஷெட்டுக்கு வாங்க. கணக்கைக் கையோடு கொண்டுவாருங்கள். மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் நிற்கிறோம். அந்தக் காண்ட்ராக்ட் பையனையும் முன் வரிசையில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். அவன் கேட்ட கேள்விக்கு நீங்களே அவனிடம் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வு மேசையிலிருந்து
உங்கள் தொழிலாளி