கம்பியில்லா வேக்குவம் கிளீனர் வாங்கப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இரண்டு கார்ட்லெஸ் வேக்குவம் கிளீனர்களின் விவரத்தை அனுப்பி எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். ஒன்றில் 30 கிலோபாஸ்கல் என்று போட்டிருக்கிறது, மற்றதில் 150 ஏர் வாட் என்று போட்டிருக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது. எந்த எண் பெரியது என்று பார்த்தால் ஏமாந்துதான் போவாய். உன் வீட்டுக்கு எது சரிப்படும் என்பதைத் தரையில் உருளும் பிரஷும், கழற்றி மாற்ற முடிகிற பேட்டரியும்தான் முடிவு செய்யும். ஏன் என்று விவரமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

கிலோபாஸ்கல் என்பது குழாயின் வாயை முழுக்க அடைத்து வைத்துக்கொண்டு அளக்கிற அழுத்தம். வாய் அடைபட்டிருக்கும்போது காற்றே ஓடாது. காற்று ஓடாவிட்டால் தூசியும் நகராது. தூசியைத் தூக்கிக்கொண்டு போவது ஓடுகிற காற்றுதான். ஏர் வாட் என்பது அழுத்தத்தையும் காற்றோட்டத்தையும் சேர்த்துப் பெருக்கி வருவது. உதாரணமாக 10 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் நொடிக்கு 12 லிட்டர் காற்று ஓடினால் அது 120 ஏர் வாட். ஆகவே ஏர் வாட் கொஞ்சம் நம்பத் தகுந்த எண். ஆனால் அதிலும் ஒன்றைக் கவனி. பெட்டியில் அச்சடிப்பது உச்ச வேகத்தின் எண். நீ தினமும் ஓட்டப்போகிற நடு வேகத்தில் அதில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும். மூன்றாவதாக, மோட்டார் வாட் என்று ஒன்றைப் போட்டிருப்பார்கள். அது மோட்டார் தின்னும் மின்சாரம், சுத்தம் செய்யும் திறன் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் கம்பி வைத்த வேக்குவம் கிளீனர்களின் மோட்டாரை 2017 செப்டம்பரிலிருந்து 900 வாட்டுக்குள் நிறுத்தியது. அதற்காக அங்கே வீடுகள் அழுக்காகிவிடவில்லை. பிரஷையும் காற்றுப் பாதையையும் நன்றாக வடிவமைத்தால் குறைந்த வாட்டிலேயே வேலை நடக்கும்.

இப்போது பிரஷ். உன் வீட்டில் பெரும்பகுதி வழுவழுப்பான தரை, ஒரே ஒரு கம்பளம் என்று எழுதியிருந்தாய். வழுவழுப்பான தரைக்கு வெல்வெட் போல மென்மையான துணி சுற்றிய ரோலர் வேண்டும். கெட்டியான நார் வைத்த ரோலர் அந்தத் தரையில் மணலையும் சிறு துகள்களையும் முன்பக்கம் சிதறடிக்கும். நீ தள்ளத் தள்ள அவை ஓடிக்கொண்டே இருக்கும். கம்பளத்தில் கதை தலைகீழ். அங்கே மென்மையான ரோலர் மேலே தடவிவிட்டுப் போகும், இழைகளுக்குள் இறங்கிய முடியையும் மண்ணையும் கெட்டி நார்தான் கிளறி எடுக்கும். இரண்டையும் கலந்த ரோலரும் வருகிறது. உனக்கு அது போதும், இரண்டு தனிப் பிரஷ்களை வைக்க உன்னிடம் இடம் இல்லை.

பிரஷுக்குள் தனியாக ஒரு சிறு மோட்டார் இருக்கிறதா என்று கட்டாயம் கேள். குழாயின் நுனியில் இரண்டு மூன்று உலோகத் தொடுமுனைகள் தெரிந்தால் இருக்கிறது என்று அர்த்தம். சில மலிவு மாடல்களில் உறிஞ்சும் காற்றே சிறு விசிறியைச் சுழற்றி ரோலரை ஓட்டும். கம்பளத்தில் கொஞ்சம் அழுத்தினாலே அது நின்றுவிடும். அடுத்து பிரஷின் முன்பக்க உதட்டைப் பார். அது தரையோடு ஒட்டியிருந்தால் தூசி போகும், பெரிய துகள் உள்ளே நுழையாமல் முன்னால் தள்ளப்படும். நடுவில் சிறு வெட்டுகளோ திறப்போ இருக்க வேண்டும்.

நீளமான தலைமுடி ரோலரில் சுற்றிக்கொள்ளும், இதைத் தவிர்க்கவே முடியாது. முடி சுற்றாது என்று விளம்பரம் செய்யும் ரோலரிலும் கொஞ்சம் சுற்றத்தான் செய்யும். அதனால் ரோலர் கருவி எதுவும் இல்லாமல், ஒரு பூட்டைத் திருப்பியோ நாணயத்தால் திறந்தோ வெளியே வருகிறதா என்று கடையில் கழற்றிப் பார். பல ரோலர்களில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் கத்தரிக்கோலின் ஒரு முனையை ஓட்டி முடியை வெட்டி இழுத்துவிடலாம். மாதம் ஒரு முறையாவது ரோலரின் இரண்டு முனைகளையும் பார். அங்கே பேரிங்குக்குள் முடி புகுந்து இறுகினால் ரோலர் மெதுவாகும், சூடாகும், பிளாஸ்டிக் உருகக்கூட வாய்ப்பு உண்டு. ரோலர் திடீரென்று நின்றால் பிரஷ் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதே. முக்கால்வாசி நேரம் அது பாதுகாப்புக்காக நின்றிருக்கும். அணைத்து, முடியை எடுத்துவிட்டு, மறுபடி ஓட்டு.

பேட்டரிக் கணக்கை நீயே போடலாம். லேபிளில் வோல்ட், மில்லி ஆம்பியர் மணி இரண்டும் இருக்கும். 25.2 வோல்ட், 2,500 மில்லி ஆம்பியர் மணி என்று இருந்தால், 2,500 ஐ ஆயிரத்தால் வகுத்து வரும் 2.5 ஆல் 25.2 ஐப் பெருக்கு: 63 வாட் மணி, அதாவது பேட்டரியில் அடங்கும் மின்சாரம். உச்ச வேகத்தில் இயந்திரம் 450 வாட் இழுத்தால் 63 ஐ 450 ஆல் வகுத்து 60 ஆல் பெருக்கு: எட்டரை நிமிடம்கூட வராது. 120 வாட் இழுக்கும் நடு வேகத்தில் சுமார் அரை மணி நேரம். விளம்பரத்தில் வரும் 60 நிமிடம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிகிறதா? மிகக் குறைந்த வேகத்தில், மோட்டார் பிரஷை மாட்டாமல் ஓட்டினால் வருகிற நேரம் அது. உன்னுடைய இரண்டு அறைக்கு நடு வேகத்தில் 20 நிமிடம் தாராளமாகப் போதும். அதனால் 60 நிமிடத்துக்காக இரண்டு மடங்கு எடையுள்ள பேட்டரியை வாங்காதே.

ஆனால் பேட்டரி தேயும். லித்தியம் அயன் பேட்டரி 300 முதல் 500 முழுச் சார்ஜுக்குப் பிறகு கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழப்பது சகஜம். உள்ளே ஆறோ ஏழோ செல்கள் வரிசையாக இணைந்திருக்கும். அதில் ஒன்று சோர்ந்தால் மற்றவை நன்றாக இருந்தாலும் மொத்தப் பேட்டரியும் சட்டென்று நின்றுவிடும். எனவே பேட்டரி பொத்தானை அழுத்தினாலோ இரண்டு திருகாணிகளைக் கழற்றினாலோ வெளியே வர வேண்டும், அதே பேட்டரி தனியாகவும் விற்க வேண்டும். இது இல்லாத மாடலை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடு. உத்தரவாதச் சீட்டில் மோட்டாருக்கு எத்தனை வருடம், பேட்டரிக்கு எத்தனை வருடம் என்று தனித்தனியாகப் படி. பெரும்பாலும் பேட்டரிக்குக் குறைவாகத்தான் இருக்கும்.

பேட்டரியைக் கொல்வது சூடு. உச்ச வேகத்தில் ஓட்டி முடித்ததும் சூடாக இருக்கும்போதே சார்ஜில் போடாதே, அரை மணி நேரம் ஆறவிடு. சுவர்த் தாங்கியை வெயில் படும் இடத்திலும் அடுப்புக்குப் பக்கத்திலும் மாட்டாதே. வாரக்கணக்கில் ஊரில் இருக்கமாட்டாய் என்றால் பாதிச் சார்ஜில் விட்டுவிட்டுப் போ. வேறு சார்ஜரின் முனை பொருந்துகிறது என்பதற்காக அதைச் சொருகிவிடாதே கண்ணு, வோல்ட் மாறினால் தீப்பிடிக்கக்கூடும். பேட்டரி உப்பினால் அன்றோடு பயன்படுத்துவதை நிறுத்து, குப்பையோடு போடாமல் மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடு.

உனக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது என்பதால் ஃபில்டரில் கவனமாக இரு. ஐரோப்பியத் தரத்தில் எச்13 என்ற வகை ஃபில்டர் என்றால், பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுத் துகள்களிலும் 99.95 சதவீதத்தை நிறுத்த வேண்டும். ஆனால் ஃபில்டர் மட்டும் நன்றாக இருந்து பயனில்லை. தூசிப் பெட்டியின் மூடியிலும் மூட்டுகளிலும் ரப்பர் வளையம் இறுக்கமாக இல்லாவிட்டால் காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஃபில்டருக்கு மட்டும் அல்ல, முழு இயந்திரத்துக்கும் அந்த அளவு உறுதி சொல்கிறார்களா என்று பார். பெட்டியைக் காலி செய்யும்போதும் தூசி எழும்பும். வெளியே எடுத்துப் போய், ஒரு பைக்குள் ஆழமாக வைத்துத் திற.

மோட்டாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டரை மாதம் ஒரு முறை குளிர்ந்த நீரில், சோப்பு இல்லாமல் கழுவி, நிழலில் முழுதாக 24 மணி நேரம் காயவிடு. அவசரப்பட்டு ஈரத்தோடு மாட்டினால் நாற்றம் பிடிக்கும், நுண்தூசி சேறாகி ஒட்டிக்கொள்ளும், ஈரம் மோட்டாருக்கும் போகும். வாங்கும்போதே இன்னொரு ஃபில்டர் வாங்கிக்கொள், ஒன்று காயும்போது மற்றது வேலை செய்யும். எல்லா ஃபில்டரையும் கழுவக்கூடாது, கையேட்டில் கழுவலாம் என்று இருந்தால் மட்டும் கழுவு.

இயந்திரம் விட்டு விட்டு உறுமினால் காற்றுப் பாதை அடைபட்டிருக்கிறது. முதலில் ஃபில்டர், பிறகு குழாயின் உட்புறம், பிறகு பிரஷின் கழுத்து என்று இந்த வரிசையில் பார். சுவரைத் துளைத்த தூசி, சிமெண்ட் தூசி, சாம்பல், தண்ணீர் எதையும் உறிஞ்சாதே. அந்த நுண்தூசி ஒரே நாளில் ஃபில்டரை அடைத்துவிடும்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. மொத்த எடை 2.5 கிலோ என்று போட்டிருந்தாலும், மோட்டாரும் பேட்டரியும் கைப்பிடியில் இருப்பதால் மணிக்கட்டுதான் பெரும்பகுதியைத் தாங்கும். கடையில் ஒரு கையால் பிடித்து ஐந்து நிமிடம் அலமாரி உயரத்துக்குத் தூக்கிப் பார். விசையை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டிய மாடல் வேண்டாம், ஒருமுறை தட்டினால் ஓடுகிறது போதும். கட்டிலுக்கு அடியில் எத்தனை சென்டிமீட்டர் இடைவெளி என்று அளந்துகொண்டு போ, குழாய் தரையோடு படுக்கும்போது பிரஷ் நிமிராமல் இருக்கிறதா என்றும் பார். தானாகத் தூசியைக் காலி செய்யும் பெரிய தாங்கி உனக்கு வேண்டாம். இடமும் அடைக்கும், சத்தமும் அதிகம், பெரும்பாலும் பையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய இரண்டில் 150 ஏர் வாட் மாடலில் பேட்டரி கழற்ற வருகிறது, பிரஷில் மோட்டாரும் இருக்கிறது என்பதால் என் மனம் அதன் பக்கம்தான் சாய்கிறது. ரோலரின் துணியையும் முன்பக்க உதட்டையும் படத்தில் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. கடைக்குப் போகும்போது பிரஷைத் திருப்பி வைத்து ஒரு படம், பேட்டரி லேபிளை ஒரு படம் எடுத்து அனுப்பு. பார்த்துவிட்டு அன்றே சொல்கிறேன், அதுவரை பணம் கட்டிவிடாதே.

அன்புடன்,
அப்பா