ஒரு சதுர அடிக்கு எத்தனை வாட்? சோலார் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் சோலார் பேனல் விற்கும் கடைக்காரர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் மலிவு விலைப் பேனல் கேட்டு வருகிற ஆள் நான். கொளத்தூரில் சின்ன வீடு. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி போக மிஞ்சுவது ஒரு கட்டில் போடும் இடம்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் கணக்குப் போட்டேன்: ஒரு பேனல், ஒரு பேட்டரி, இரண்டு டி.சி. மின்விசிறி, நான்கு எல்.இ.டி. விளக்கு.

அரசு மானியத்தில் போடலாமே என்றார்கள். 2024-இல் வந்த சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பது உண்மைதான். ஆனால் அது மின்வாரியத்தின் கம்பியோடு சேர்ந்தது. தெருவில் கரன்ட் போனால், பேட்டரி இல்லாத அந்த அமைப்பும் தானாக நின்றுவிடும்; கம்பத்தில் வேலை பார்ப்பவர் மேல் மின்சாரம் பாயக் கூடாதே. ஆகவே எனக்கு உங்களை விட்டால் வேறு கதி இல்லை.

உங்களில் ஒருவரிடம் 12 வோல்ட், 100 வாட் பேனல் ஒன்று வாங்கினேன். எந்தக் கடை என்று எழுதப் போவதில்லை. அவர் மல்டிமீட்டரை வைத்து, "19 வோல்ட் காட்டுகிறது பாருங்கள் சார்" என்றார். நானும் தலையாட்டினேன். அப்போது பேனல் கடைக்குள் நிழலில் சாய்ந்திருந்தது. வோல்ட் நிழலிலேயே ஏறி நின்றுவிடும், ஆம்பியர்தான் வெயிலைக் கேட்கும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஏப்ரல் மாத நண்பகல். எலக்ட்ரீஷியனாக இருக்கும் என் மைத்துனர் மாடிக்கு வந்து, மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேனலின் இரு முனைகளையும் அதன் வழியே சேர்த்தார். 3.4 ஆம்பியர். பின்பக்க ஸ்டிக்கரிலோ 6.1 என்று அச்சாகியிருந்தது. அவர் மறுபேச்சு பேசாமல் பையிலிருந்து டேப்பை எடுத்தார். 30 அங்குலம் நீளம், 20 அங்குலம் அகலம். நான்கு சதுர அடிக்குச் சற்று மேல். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட் கொட்டுகிறது. ஒற்றைப் படிகச் சிலிக்கானில் செய்த நல்ல மோனோ பேனல் அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். சதுர அடிக்குப் பதினெட்டு, பத்தொன்பது வாட் வரும். என்னுடையது பல படிகங்கள் சேர்ந்த, திறன் குறைந்த நீல நிறப் பாலி. பதினைந்து வந்தாலே பெரிது. ஆக, அது 60 வாட் பேனல். ஸ்டிக்கரின் ஓரம் வெயிலில் சுருண்டிருந்தது. அதனடியில் வேறொன்றைச் சுரண்டிய பசைத் தடம்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டிக்கரில் இருக்கும் வாட், பேனலில் உள்ள சோலார் செல்லின் சூடு 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. நம் ஊர் மாடியில் அது 65-ஐத் தொடும், கூடுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் வாட் 0.4 சதவீதம் குறையும். உண்மையான 100 வாட் பேனல் மே மாதத்தில் 84 கொடுத்தால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

என் எதிர்வீட்டுக்காரரின் கதைதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. எங்கோ கழற்றிய பழைய 330 வாட் பேனலைச் சல்லிசாக வாங்கி வந்தார். பேனலில் பழுதில்லை, ஸ்டிக்கரிலும் பொய்யில்லை. கூடவே, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர்களில் விலை குறைந்த பி.டபிள்யூ.எம். வகையைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பேனல் 37 வோல்ட்டில் 9 ஆம்பியர் தருவது. பி.டபிள்யூ.எம். அதை 12 வோல்ட் பேட்டரியின் அளவுக்கு இழுத்துவிடும். 13 வோல்ட்டை அதே 9 ஆம்பியரால் பெருக்கினால் 117 வாட். மிச்சம் இருநூறுக்கு மேல் தினமும் மாடியிலேயே வெந்து போகிறது. மிஞ்சும் வோல்ட்டையும் ஆம்பியராக மாற்றித் தரும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் விலை கூடுதல்தான். அதைச் சொல்லியிருந்தால் அவர் கடன் வாங்கியாவது வாங்கியிருப்பார். இங்கே யாரும் ஏமாற்றவில்லை, "எந்த பேட்டரி?" என்று ஒரு கேள்வி கேட்க ஆளில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் பத்து ரூபாய்ச் சாமானுக்குப் போனால்கூட, எதற்கு என்று கேட்டுவிட்டு எடுத்துத் தருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் கேட்பது விலைக் குறைப்பு அல்ல. 60 வாட்டை 60 என்று சொல்லி விற்றால் அதற்குரிய விலையைக் கொடுத்து வாங்குவேன். பில்லில் வாட்டோடு பேனலின் நீள அகலத்தையும், வெயிலில் அளந்த ஆம்பியரையும் எழுதுங்கள். கழற்றிய பேனல் என்றால் 'பழையது' என்று ஒரு சொல் சேருங்கள். இருபத்தைந்து வருட வாரண்டியை வாய்வார்த்தையாகச் சொல்வதை நிறுத்துங்கள். உங்கள் கடை வாடகை ஒப்பந்தமே அத்தனை வருடத்துக்கு இருக்காது.

அந்தப் பேனலை நான் திருப்பித் தரவில்லை. ஒரு மின்விசிறியும் இரண்டு விளக்கும் அதில்தான் ஓடுகின்றன. இன்னொன்று வாங்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வருகிறேன். டேப்பும் மீட்டரும் என் பையில் இருக்கும். வாசலில் வெயில் படுகிற இடத்தில் நிற்கும் பைக்கை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வையுங்கள்.

இப்படிக்கு,
கொளத்தூர் வாடிக்கையாளர்