ஜெர்மனி சுணங்கினால் நிலாவாரைக் கடனை இறுக்காதீர்கள்

நெல்லை, தூத்துக்குடி மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர்களுக்கும், வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

ஜெர்மனியின் பொருளாதாரம் 2023-லும் 2024-லும் சுருங்கியது. 2022-ல் ரஷ்ய எரிவாயு வரத்து குலைந்ததும் அங்கே ஆலைச் செலவு ஏறியது. சீனச் சந்தையில் அவர்கள் கார்களுக்கு இடம் குறைகிறது. 2025-ல் ஐரோப்பியச் சரக்குக்கு அமெரிக்கா 15 சதவீத வரி போட்டது. இன்னும் பலமாகச் சரியுமோ என்ற பயம் அங்கே போகவில்லை. சாத்தான்குளம், திசையன்விளை மானாவாரியில் நிலாவாரை (மலச்சிக்கல் மருந்துக்கு இலை தரும் சென்னா) போடுகிற சம்சாரியை அந்தச் சரிவு தொடுமானால், அது உங்கள் மேசை வழியாகத்தான் தொடும்.

ஐரோப்பிய மருந்துத் தரநூலில் திருநெல்வேலி சென்னா என்று நம் சீமையின் பெயரோடு நிற்கிற சரக்கு இது. மலச்சிக்கல் மருந்தை மந்தகாலத்திலும் யாரும் நிறுத்துவதில்லை. நம் இலையை வாங்குகிற அங்குள்ள மருந்துக் கம்பெனிகள் குறைப்பது கையிருப்பை. ஆறு மாத இலையைக் கிட்டங்கியில் வைத்திருந்தவர்கள் இரண்டு மாதத்துக்கு வாங்குவார்கள். "பாதியை இப்போது அனுப்புங்கள், மீதிக்குப் பிறகு சொல்கிறோம்" என்று கடிதம் வரும். கப்பலேற்றிய ஆவணத்தைக் கொடுத்ததும் பணம் தந்தவர், 90 நாள் தவணை கேட்பார். ஆக, தேவை இருக்கும், பணம்தான் பிந்தும். இந்த வேறுபாட்டை நீங்கள் உணர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

ஐப்பசி மழையில் விதைத்தால் தை வாக்கில் முதல் பறிப்பு. காயவைத்து, சலித்து, பேல் கட்டி, பரிசோதனை முடிந்து, தூத்துக்குடியில் கப்பலேற்றவே வாரங்கள் ஓடிவிடும். செங்கடல் வழி கெட்டபின் ஆப்பிரிக்காவைச் சுற்றுகிற கப்பல்களால் பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. அதற்கு மேல் தவணை. நீங்கள் முன்பணம் கொடுத்த ஏற்றுமதி பில் கெடு தாண்டினால், அதைப் பெரும்பாலும் 30-வது நாளில், ரூபாயாக்கி ஏற்றுமதியாளர் கணக்கில் பற்று வைக்கிறீர்கள், வட்டி ஏறுகிறது. பாக்கி 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். சரக்கு வாங்கி அனுப்ப முன்கூட்டித் தரும் அடுத்த கடன் (பேக்கிங் கிரெடிட்) நின்றுபோகும். அவர் கொள்முதலை நிறுத்துவார். களத்தில் அம்பாரம் போட்ட இலை புழுங்கிக் கறுக்கும். தரகர் சொன்னதே விலை.

எனவே, வாங்குபவர் புதிய தேதியை எழுத்தில் ஒப்புக்கொண்டால், பழைய கெடு முடியும் முன்பே பில்லை நீட்டித்துக் கொடுங்கள். ஈசிஜிசி (மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனம்) காப்பீடு உள்ளவர் அந்த நீட்டிப்பை உரிய நாளுக்குள் அங்கே தெரிவித்தாரா என்று உங்கள் கிளையே கேட்கட்டும். தெரிவிக்காமல் விட்டால் இழப்பீடு மறுக்கப்படலாம். சிறு ஏற்றுமதியாளர் பலர் தவறுவது இங்கேதான்.

வேளாண் விற்பனைத் துறைக்கு இதைவிட அவசரமான வேலை இருக்கிறது. மந்தகாலத்தில் வாங்குபவர் சரக்கைத் தள்ளக் காரணம் தேடுவார். நேற்றுவரை கண்டுகொள்ளாத குறை இன்று பெரிதாகும். தரநூல்படி இலையில் காம்பு, காய் போன்ற பிற உறுப்புகள் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஈரம் 12-க்குள் இருக்க வேண்டும். அமிலத்தில் கரையாத சாம்பல் 2.5-க்குள். கடைசியதில்தான் நம் சரக்கு மாட்டும், ஏனென்றால் அது மணலின் அளவு. தேரி என்கிற செம்மணல் மேட்டிலும் ரோட்டோரத்திலும் பரப்பிய இலையில் ஒட்டுகிற மணல் எந்தச் சல்லடையிலும் முழுதாகப் போகாது. காயும்போது மழைபட்டால் பூஞ்சை பிடிக்கும். கடும் வெயிலில் போட்டால் பச்சை நிறம் வெளுக்கும். மெல்லியதாகப் பரப்பி, கிளறிவிட்டு, நிழலில் 7 முதல் 10 நாள் உலர்த்த வேண்டும். அதற்குக் கூரையுள்ள சிமெண்ட் உலர்களம் ஊருக்கு ஒன்றாவது வேண்டும். அதுவரை தார்ப்பாய்களையாவது பறிப்புக்கு முன்னே கொடுங்கள்.

உலர்ந்த மூட்டைகளை ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிட்டங்கியில் பலகை மேல் அடுக்கி, அதன்பேரில் பொருளீட்டுக் கடன் தாருங்கள். மறு ஆர்டர் வரும்வரை விவசாயி தாங்குவார்.

கப்பலேற்றும் ஒவ்வொரு சரக்கிலும் வெளி ஆய்வகம் முத்திரையிட்ட மாதிரி ஒன்று இங்கேயே இருக்க வேண்டும் என்பதைக் கடன் நிபந்தனையாகவே வையுங்கள். ஹாம்பர்க்கில் கன்டெய்னர் வாடகை ஏறிக்கொண்டிருக்க, தரம் சரியில்லை என்று விலையைக் குறைக்கச் சொன்னால், ஏற்றுமதியாளர் கையில் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

ஐப்பசி விதைப்புக்கு முன் உங்கள் இரு தரப்பையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைத்து இவற்றை முடிவுசெய்ய வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நெல்லை, தூத்துக்குடி வட்டாரத்தில் மூலிகை ஏற்றுமதி வேலை பார்ப்போர்