பச்சைக் கூடாரத்து ஐயாவுக்கும் அம்மாவுக்கும்

பையன் நேற்று மாலை வீட்டுக்கு வந்துவிட்டான். முறிந்த காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். 6 வாரம் தரையில் ஊன்றக் கூடாது. மற்றபடி வாய் ஓயவில்லை. நான்காவது அருவியில் அவன் கால் முறிந்த அன்று என்ன நடந்தது என்று முகாமில் இருந்த உங்கள் எல்லோருக்கும் தெரியும், பாதிப் பேர் அங்கேயே இருந்தீர்கள். அதை மறுபடி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நன்றியை மட்டுமாவது சொல்லிவிடுகிறேன்.

மகள் மூன்று மூன்றாக ஊதிய விசில் உதவிக்கான அழைப்பு என்று புரிந்துகொண்டு பாதையை விட்டு இறங்கி ஓடிவந்த இரண்டு பிள்ளைகளே, நான் அவனை வாரி மடியில் போடப் போனபோது "அசைக்காதீங்க அக்கா" என்று என் கையைப் பிடித்துத் தடுத்த தம்பியே, உங்களுக்கு நன்றி. தெளிந்து ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியுமாக வருவதைக் கவனித்த அண்ணனுக்கு நன்றி. எங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்துத்தான் இருந்தது. மேலே எங்கோ மழை கொட்டுகிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரிந்தது. கைத்தடிகளை வைத்துக் காலைக் கட்டி, நான்கு பேராகத் தூக்கி, எல்லோரையும் மேட்டுக்கு ஏற்றினார். நாங்கள் நின்றிருந்த பாறை கால் மணி நேரத்தில் தண்ணீருக்குள் போய்விட்டது. அப்புறம், 6 பேர் தூக்க 6 பேர் மாற்றிக்கொள்ள, அந்த வழுக்குப் பாதையில் ஒருமுறைகூடக் குலுக்காமல் ஸ்ட்ரெச்சரை இறக்கிய மீட்புக் குழுவுக்கும், இரவெல்லாம் நின்ற மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இந்த வீடு கடன்பட்டிருக்கிறது.

இனி உங்களிடம் வருகிறேன், ஐயா, அம்மா. உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அன்று எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத்தான் ஆம்புலன்சில் ஏறினோம். கூடாரம் திறந்தே கிடந்தது. ராத்திரி மழை. மூன்றாம் நாள் காரை எடுத்துவரப் போன என் தம்பியிடம், "கூடாரம் கிழிந்து கிடந்தால் அங்கேயே போட்டுவிட்டு வா" என்று சொல்லி அனுப்பினேன். அவன் பையோடு வந்தான். ஈரத்தோடு சுருட்டி வைத்த கூடாரம் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும், அப்படியே கிடந்தால் நாளடைவில் உள்பூச்சும் பிசுபிசுத்து உரியும். அந்த வாடையை எதிர்பார்த்துத்தான் பையைத் திறந்தேன்.

மொடமொடவென்று காய்ந்திருந்தது. மடிப்புகள் நேராக இருந்தன. ஜிப்பின் பல்லிடுக்கில்கூட ஒரு மணல் இல்லை. முளைகளைக் கழுவித் துடைத்துத் துணியில் சுற்றியிருந்தீர்கள். பையன் ஒவ்வொரு அருவியிலும் பொறுக்கிய கூழாங்கற்கள் டப்பாவில் மேலாக இருந்தன. கூடவே ஒரு துண்டுத்தாள்: "ஒரு முளை வளைந்திருந்தது. நிமிர்த்திவிட்டோம். கால் சரியானதும் மறுபடி வாருங்கள்."

நீங்கள் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, வெயில் வந்தால் விரிப்பதும் தூறல் போட்டால் அள்ளுவதுமாக இருந்தீர்களாம். இதற்காகவே ஒரு நாள் கூடுதலாகத் தங்கினீர்களாம். முகாமைப் பார்த்துக்கொள்பவர் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வராத அழுகை, அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது வந்தது. இனி கூடாரம், காடு, அருவி எதுவும் வேண்டாம் என்று நானும் என் கணவரும் ஆஸ்பத்திரியிலேயே முடிவு செய்திருந்தோம். நாங்கள் பயந்து நிறுத்திவிடுவோம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கடைசி வரியை ஏன் எழுதப் போகிறீர்கள்?

சரி, வருகிறோம். முதலுதவி வகுப்பில் நாங்கள் இருவரும் பெயர் கொடுத்துவிட்டோம். இனி எந்தப் பாதையில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று யாரிடமாவது சொல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டோம். அருவியடியில் நிற்கும்போது குளிக்கிற குழந்தைகளைப் பார்ப்பது போலவே தண்ணீரின் நிறத்தையும் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்துக் கூடாரத்தில் யாராவது அவசரமாகக் கிளம்ப நேர்ந்தால், அவர்கள் துணி நனையாது. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இன்னொன்று. எங்கள் கூடாரத்துக்கு 14 முளைகள். நேற்று பையன் கட்டிலில் பரப்பி எண்ணினான், 15 இருந்தன. பச்சைக் கயிறு கட்டியது உங்களுடையதுதானே? பத்திரமாக வைத்திருக்கிறான். அடுத்த தடவை தானே நடந்து வந்து கொடுக்க வேண்டுமாம்.